நாதாங்கி

வியாழக்கிழமை சாயங்காலம் வரை யோசிக்கலாம் என்று
சாவிகளைத் தந்துவிட்டுப் போனான் புரோக்கர் பினீஷ்.
ஒன்று அட்டை; தேய்த்தால் லிஃப்ட் விழித்துக்கொள்ளும்.
மற்றது என் உள்ளங்கையைவிட நீளம்,
துருவின் மணத்தை விரலில் விட்டுவிட்டுப் போகும்.

சீஃப், பதினான்காவது மாடி.
கரண்டும் தண்ணீரும் உட்பட, முப்பது தினார் வரை.
துணி துவைக்கும் மெஷின் ஏற்கெனவே உண்டு.
நீச்சல் குளம் உண்டு, எனக்கு நீந்தத் தெரியாது.
ஷெர்லினின் பள்ளி வேன் வாசலுக்கே வரும்.
சகாயம் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார்,
சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் போல.
ஜன்னல் மட்டும் நாலு விரற்கடைக்கு மேல் திறக்காது.
"எதுக்குத் திறக்கணும்?" என்றான் பினீஷ்.
ஜூலை மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

முஹர்ரக்கில், கார் நுழையாத சந்தில் மற்றது.
பவளக்கல் சுவர், ஒரு முழம் தடிமன்.
முற்றத்தில் ஒற்றை வாதுமை,
அதன் அகன்ற இலைகளைக் கூட்ட ஆளில்லை.
சுவர் உப்பைக் கக்கியிருந்தது. நகத்தால் சுரண்டி
நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான்.
ஏசியைப் பிடுங்கிய ஓட்டையில் புறாக் குடித்தனம்,
அட்வான்ஸ் கொடுக்காமல்.
விமான நிலையம் கூப்பிடு தூரம்.
ஒன்று தலைக்கு மேல் இறங்கியது.
எங்கள் பேச்சு நின்றது;
கதவின் நாதாங்கிச் சங்கிலி மட்டும்
கலகலவென்று தனக்குள் எதையோ சொல்லி முடித்தது.
ஷெர்லின் கை தட்டினாள். இன்னொன்று வரட்டும் என்றாள்.
வீட்டுக்காரர் அபு யாகூப் வாடகையைச் சொல்லவில்லை.
"முதலில் ஒரு மத்தியானம் இங்கே தூங்கிப் பாருங்கள்" என்றார்.

மருந்துக்கடை ரசீதின் முதுகில் கோடு கிழித்து
இடப்பக்கம் எழுதியது பதினேழு வரி.
வலப்பக்கம் எழுதியது: இருட்டு.
ராத்திரி முழுக்க எக்ஸ்ரே அறையில்
அடுத்தவர் எலும்பைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு
பகலில் அப்படியோர் இருட்டு
எந்தக் கடையிலும் கிடைக்காது.
சகாயம் படித்தார். சிரிக்கவில்லை.
"இருட்டுக்குத் திரை வாங்கலாம்" என்றார்.
அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.
வாங்கினோம். இரண்டடுக்குத் திரை, பதினெட்டு தினார்.

இரண்டு வருஷம். குழாய் எதுவும் ஒழுகவில்லை.
லிஃப்டில் எல்லோரும் எண்களையே பார்க்கிறார்கள், நானும்தான்.
சில விடியல்களில் டியூட்டி முடிந்து வந்து
திரையை விலக்கிக்கொண்டு நிற்பேன்.
கடலுக்கு அப்பால் ஒரு விமானம் சத்தமே இல்லாமல் சரியும்.
இந்நேரம் அங்கே சங்கிலி பேசும் என்று நினைத்துக்கொள்வேன்.
பிறகு படுத்துவிடுவேன். தூக்கம் வரும்.
வராமலெல்லாம் இல்லை.

போன வெள்ளி, சகாயத்தின் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம்,
பழைய வீட்டில் புதிதாக ஒரு காபிக் கடை.
சந்து தொடங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.
புறா இருந்த ஓட்டையில் மஞ்சள் விளக்கு.
உப்புப் பூத்த சுவரைக் கண்ணாடி போட்டு மூடி
பார்வைக்கு வைத்திருந்தார்கள்.
நாங்கள் கட்டில் போட நினைத்த மூலையில்
ஆறாம் நம்பர் மேசை. அதில்
யாரோ ஒருத்தி கேக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு காபி இரண்டு தினார் எண்ணூறு ஃபில்ஸ்.
"எடுத்திருந்தா இதுக்குள்ள காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க"
என்றார் சகாயம். கணக்கு சரி.

பரிமாற வந்த பையன் கேட்டான், முதல் தடவையா என்று.
ஆமாம் என்றார் அவர்.
இல்லை என்றேன் நான், அதே நொடியில்.
மெனுவை யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல்
நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

அப்போது வந்தது விமானம்.
எல்லாரும் அண்ணாந்தார்கள். நான் கதவைப் பார்த்தேன்.
எண்ணெய் பூசி மினுக்கிய கதவு.
சங்கிலி இருந்த இடத்தில் இரண்டு துளைகள்.
ஆறு வயது ஷெர்லின்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.