பதினேழாவது குப்பி

தேனி சாலையில் லாரிகள் ஓயட்டும் என்று
இரவு ஒன்றரை வரை காத்திருப்பேன்.
மேசை நடுங்கினால் கோடும் நடுங்கும்.
நாகமலை அப்போது ஒரு கறுத்த முதுகு.
ஆய்வகத்தில் ஏசி மட்டும் இருமிக்கொண்டிருக்கும்.

முப்பட்டகத்தின் மேல் தங்கம்.
தெற்காவணி மூல வீதியில்
எந்தத் தராசிலும் நிற்காத தங்கம்,
அழுத்தித் துடைத்தால் போய்விடும்.
அடியிலிருந்து சிவப்பு ஒளியைச் சாய்த்து அனுப்பினால்
எல்லாக் கோணத்திலும் திரும்பி வரும்
ஒன்றில் மட்டும் வராது.
அந்த இருட்டைத்தான் அளக்கிறோம்.
தங்கத்தின் மேல் எதுவாவது வந்து உட்கார்ந்தால்
இருட்டு கொஞ்சம் நகர்ந்து இடம்விடும்,
ஒரு பாகையில் நூறில் இரண்டு பங்கு.

மற்ற முறைகளில்
மூலக்கூறுக்கு ஒளிரும் வால் ஒன்று ஒட்டுவார்கள்.
வால் தெரிந்தால் ஆள் தெரிந்ததாகக் கணக்கு.
இதற்கு வால் வேண்டாம்.
வந்தாயா, உட்கார்ந்தாயா, எவ்வளவு கனம்.
வேறெதுவும் கேட்காது.

விளாங்குடியில் வீடு பார்க்கப் போனபோது
"சொந்த ஊரு எது?" என்றார் அந்த அம்மா.
சொன்னேன்.
"ஊருக்குள்ளயா, வெளியவா?"
சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்.
நான் இன்னும் விடுதியில்தான் இருக்கிறேன்.

சரி, கடலை.
உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம்,
கமிஷன் கடைகளிலிருந்து இருபத்திரண்டு மாதிரி.
ஈரத்தில் கிடந்த பருப்பில் பூஞ்சை விட்டுப்போகும் நஞ்சு
ரொம்பச் சின்ன மூலக்கூறு.
நேராக வந்து உட்கார்ந்தால் தங்கத்துக்கு
எருமை மேல் விழுந்த தூறல்.
அதனால் சுற்றுவழி:
அதே நஞ்சைத் தங்கத்தில் முன்கூட்டி ஒட்டிவைத்து
கடலைச் சாற்றோடு ஆன்டிபாடியைக் கலந்து ஓடவிடுவோம்.
சாறு சுத்தமென்றால் அது நேரே வந்து பற்றும், கோடு ஏறும்.
சாற்றில் நஞ்சிருந்தால்
வழியிலேயே கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.
வராதவர்களை எண்ணி
இடையில் மறித்தது யாரென்று கண்டுபிடிக்கும் வேலை.

மூன்று மணிக்கு, வரிசையில் பதினேழாவது குப்பி.
சீட்டு இல்லை.
ஐஸ்பெட்டித் தண்ணீரில்
நாலு குப்பிகளின் சீட்டும் கூழாகிக் கிடந்தன.
பேரில்லாததைத் தூரப் போடு என்பாள் மெர்சலின்.
மனசு வரவில்லை, ஓட்டினேன்.

கோடு ஏறவில்லை.
குமிழி சிக்கியதோ என்று அமிலம் விட்டுக் கழுவி, மறுபடி.
சுத்தமான நீரில் ஒரு தடவை: ஏறியது.
குப்பியிலிருந்து இன்னொரு தடவை:
படுத்தே கிடந்தது,
கூப்பிட்டும் எழாத ஆளைப் போல.

இப்போது எனக்குப் பெயர் வேண்டும்.
எந்தக் கடை, எந்த மூட்டை,
செக்குக்குப் போயாயிற்றா,
பள்ளிக்கூட வாசலில் பொட்டலமாகிவிட்டதா.
கருவிக்கு அதெல்லாம் தேவையில்லை.
அது தன் சிவப்பு ஒளியோடு
அடுத்த குப்பிக்குக் காத்திருந்தது.

விடிந்ததும் நாலு கடைக்கும் போன் போட்டேன்.
இரண்டு பேர் எடுக்கவில்லை.
மூன்றாவதில், தராசுத் தட்டு மோதும் சத்தத்துக்கு நடுவே
"யாரும்மா நீங்க? எந்த ஊரு?"

"கடலையைப் பத்திப் பேசணும்ணே" என்றேன்.
"போன வாரத்து மூட்டை இன்னும் இருக்கா?"