ஒரு கதவு மட்டும்

டாண்டினோங். சனிக்கிழமை.
குசினித் தரையில் பன்னிரண்டு கதவுகள்
மல்லாந்து கிடக்கின்றன.
முப்பத்தைந்து மில்லிமீட்டர் வட்டம்,
பன்னிரண்டரை ஆழம்;
பலகையின் தடிப்போ பதினாறுதான்.
முதல் கதவிலேயே துளையலகின் கூர்
மறுபக்கம் எட்டிப் பார்த்தது.
பரவாயில்லை, அது குளிர்பெட்டிக்கு மேலே.
யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள்?

வெளியே தெரியாத கீல்கள்.
ஓங்கி அறைந்தாலும்
கடைசி நாலு விரற்கடையில் மூச்சுப் பிடித்து
மெல்லச் சாத்திக்கொள்ளும்.

பெட்டியைத் திருப்பிப் படித்தாள் சுகிர்தா.
"எல்லாத்துக்கும் உது வேண்டாம்.
தேத்தண்ணிக் கோப்பை அலுமாரிக்குச்
சாதாரணக் கீல் போடுங்கோ.
எனக்குக் கோவம் வந்தால்
உங்களுக்குக் கேக்க வேணும்."

போட்டேன்.
இடம் வலம் ஒரு திருகு, முன் பின் ஒன்று;
ஒன்றைத் திருத்த மற்றது கோணியது.
பொழுதும் பட்டது.

மூன்றாம் கிழமை
அந்தக் கதவை முதலில் அறைந்து சாத்தியது
நான்தான்.