இறங்கும்போது வாங்கிக்கங்க

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று
கோயம்புத்தூரில் சொன்னார்கள்.
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள்.
அந்த வெளிச்சம் தாங்காமல்
நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் ஆகிறது.
மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் கடைசி வண்டி.
ஒன்பதாவது வளைவு திரும்பியதும்
நடுரோட்டில் காட்டெருமை,
கன்றோடு, எந்த அவசரமுமில்லாமல்.
பெள்ளிராஜ் பிரேக்கை மிதித்தான்.
ஒரு கையில் மெஷின், ஒரு கையில் சில்லறை.
பிடித்துக்கொள்ள மூன்றாவது கை
இருபத்தொரு வருஷமாகத் தேவைப்பட்டதில்லை.
கம்பி வந்து நெற்றியில் முட்டியது.
ரத்தம்கூட இல்லை.
எழுந்து, விசில் ஊதி,
அருவங்காடு வரைக்கும் டிக்கெட் போட்டேனாம்.
எனக்கு நினைவில்லை.
கணக்கு மட்டும் காசு பிசகாமல் இருந்ததாம்.

இப்போது
நூறு ரூபாயில் பாலுக்கு இருபத்தெட்டு போக
மீதி எவ்வளவு என்று
ஓட்டுப்பட்டறைக் கடை வாசலில் நிற்கிறேன்.
எழுபத்தி... என்பது வரை வருகிறது.
அதற்கு மேல் ஏற்றம்.
வண்டி இழுக்கவில்லை.

குக்கரின் இரண்டாவது விசிலுக்குச் சுவரைப் பிடிக்கிறேன்.
கொத்தமல்லி, டீசலாக மணக்கிறது.
சாமான்களின் பெயர்கள்
முன்படியில் இறங்கிப் போய்விடுகின்றன.
நான் பின்படியில் நின்று தேடுகிறேன்.
'அதை எடு மேரி.'
'எதை?'
'அதுதான், சூட்டைப் பிடிக்குமே.'
அவள் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே
நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.
கத்திவிட்டேன்.
பிறகு கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
குழாய்ச் சத்தமும் தலைக்குள் இறங்கியது.

டவுன் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர்
'உள்ளே பனிமூட்டம் மாதிரி' என்றார்.
குன்னூர்க்காரனிடம் பனிமூட்டம் பற்றிப் பேசலாமா?
எங்கள் பனி பத்து மணிக்குக் கலைந்துவிடும் டாக்டர்,
மஞ்சள் லைட்டுக்கு வழிவிடும்,
ஹாரன் அடித்தால் எதிரில் வருபவன் பதில் சொல்வான்.

டெப்போவில், 'பார்க்க நல்லாத்தானே இருக்க' என்கிறார்கள்.
உண்மைதான். கொஞ்சம் குண்டாகக்கூட ஆகியிருக்கிறேன்.
ஒரு மாவுக்கட்டாவது போட்டிருக்கலாம்
மேனேஜர் தட்டிப் பார்க்க.

ஜெனிட்டா பள்ளிக்கூடம் போகுமுன்
மூக்குக்கு நேரே பேனாவை நகர்த்துகிறாள்.
'கண் மட்டும்ப்பா. தலை அசையக் கூடாது.'
எட்டாவது தடவை வீடு இடப்பக்கம் சாய்கிறது.
பதினாலு கொண்டை ஊசியும்
தலைக்குள் செருகி இருக்கின்றன.
அவள் நோட்டில் எட்டு என்று எழுதுகிறாள்.
போன வாரம் பதினொன்று.
அதையும் அடிக்காமல் வைத்திருக்கிறாள்.

பெள்ளிராஜ் ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.
மலைமுழுக்கக் கேட்கும் குரல்காரன்
கிசுகிசுப்பாகப் பேசுகிறான்.
ஜன்னலில் அடித்த கம்பளி இருட்டில்
அவன் கேட்க வந்ததைக் கேட்பதில்லை.
கன்று இருந்ததுடா, என்று நான்தான் ஒருநாள் சொன்னேன்.
வெகுநேரம் அவன் தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

நேற்று தனியாக ஏறினேன்,
பயணியாக, ஜன்னலோரம், கம்பியை இறுக்கிப் பிடித்து.
பர்லியார் ஒன்று என்றேன்.
புதுப் பையன். 'அண்ணே, உங்களுக்குப் போய் டிக்கெட்டா' என்றான்.
போடு என்றேன்.
ஐம்பது ரூபாயை வாங்கி, சில்லறை இல்லாமல்,
பின்னால் ஏதோ கிறுக்கி நீட்டினான்:
'இறங்கும்போது வாங்கிக்கங்கண்ணே.'
எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொன்ன வார்த்தை.
எத்தனை பேர் மறந்து இறங்கினார்கள்,
எத்தனை பேரின் முகத்தை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மூன்றாவது வளைவில் வாந்தி முட்டியது.
நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.
கீழே வண்டி ஒவ்வொரு வளைவாக ஹாரன் அடித்துப் போனது.
நான்கு. ஐந்து.
ஆறு வரை என்னால் எண்ண முடிந்தது.

சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறது.
பின்னால் எழுதிய எண்ணை
அரைவெளிச்சத்தில் மறுபடி பார்க்கிறேன்.
முப்பதா, முப்பத்தைந்தா தெரியவில்லை.

நாளைக்கும் அந்த வண்டியில்
அந்தப் பையன்தான் டூட்டி.