பதினேழாம் துளை

குழியின் நீளம் நானூறு மீட்டர்.
அகலம் அதில் பாதி.
ஆழம், நிலத்தடி நீரைத் தாண்டி இன்னும் இருபத்தாறு.
சிறிய சுரங்கம் என்கிறது விண்ணப்பம்.
'சிறிய' என்ற சொல்
முதல் பக்கத்திலேயே ஆறு தடவை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாடு.
முல்கா மரங்களும் ஒரு உப்பேரியும் தவிர
கண் இளைப்பாற இடமில்லாத சிவப்பு.
பறவைகளை வேறொரு குழு எண்ணிவிட்டது.
தூசியை ஒரு பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறது.
எனக்குக் கொடுத்திருப்பது
தரைக்கு அடியில் உள்ள இருட்டு.

துளைதோறும் வலை இறக்குகிறேன்.
கையகல வாய், பித்தளை எடை, நுனியில் ஒரு குப்பி.
அடி தட்டியதும் ஆறு முறை குலுக்கி
மெல்ல ஏற்றவேண்டும்.
தொலைந்தது எதுவென்று தெரியாமல்
பாதாளக்கரண்டி போடுகிற வேலை.

ஏழாம் துளையில் மூன்று வந்தன.
அரிசிக் குறுணையில் பாதி.
கண் இல்லை, கண் இருந்த தடமும் இல்லை.
தின்றது வெளியே தெரிகிற உடம்பு.
கால்கள் மட்டும் தாராளம்.
பெர்த்தில் நுண்ணோக்கியில் பார்த்தவர் எழுதினார்:
இதுவரை பெயரில்லை,
இப்போதைக்கு 'இனம் பி-4' என்று குறித்துக்கொள்ளவும்.

ஏழாம் துளை
குழியின் நட்டநடு.

விதி இப்படி:
குழிக்கு வெளியே வேறொரு துளையில்
இதே உயிர் கிடைத்துவிட்டால்
தோண்டலாம்.
கிடைக்காவிட்டால் யோசிக்கவேண்டும்.
ஆகவே தேடுகிறோம்.
பிறந்த நாளிலிருந்து அதை ஒருவரும்
இவ்வளவு அக்கறையாய்த் தேடியதில்லை.
கம்பெனி டீசலுக்குப் பணம் தருகிறது,
புதுத் துளைகள் போட்டுத் தருகிறது.
வாரம் இருமுறை போன் செய்கிறார்
திட்ட மேலாளர் ரெனாட்டோ ஸ்காஃபிடி.
"நம்ம இறால் எப்படி இருக்கு?"
நல்ல மனிதர். நிஜமாகவே விசாரிக்கிறார்.

மாட்டுப் பண்ணைக்காரர் ஆஷ்க்ராஃப்ட்
வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி,
நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்றார்.
நான்கு மீட்டர், மாதிரிக் கணக்கில்.
"அப்போ என் காற்றாலை காற்றைத்தான் இறைக்கும்."
கொஞ்சம் பொறுத்து,
"ரோடு போடுவாங்கல்ல?"

நிலத்துக்குரிய மக்கள் சார்பில்
உடன் வருபவள் டெல்வின்.
கயிற்றின் மறுமுனை அவளிடம்.
பதினோராம் துளையில் வலை வெறுமையாய் வந்தபோது கேட்டாள்:
"பிடிச்ச மூணையும் என்ன செஞ்ச?"
ஸ்பிரிட்டில் போட்டேன்.
"சுரங்கம் இன்னும் வரலை.
இதுவரைக்கும் பாதிப்பு நீதான்.
உன்னை எந்தப் பத்தியில் எழுதுவ?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.
இரவு கூடாரத்தில் பத்திகளைப் புரட்டினேன்.
தாவரம், சத்தம், பாரம்பரியம், கழிவுநீர்.

பன்னிரண்டு, வெறும் மணல்.
பதின்மூன்றில் செத்த பல்லி.
பதினாறு வரை
எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்
எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

பதினேழு.
குழிக்கோட்டுக்கு வெளியே தொள்ளாயிரம் மீட்டர்.
பொழுது சாய்ந்து, நெற்றிவிளக்கு போட்டு,
குப்பியைத் தட்டில் கவிழ்த்தேன்.
சுண்ணாம்புத் துகள், ஒரு வேர்த்துண்டு,
அப்புறம் அசைகிற ஒன்று.

"அதுவா?"
தெரியாது. மரபணு சொல்ல ஆறு வாரம் ஆகும்.
"ஒரு கால் போதுமில்ல?"
போதும்தான்.
படிவம் முழு உடலைக் கேட்கிறது.

கிடைத்தது ஒன்று என்று எழுதினேன்.
நேரம் எழுதினேன், 6.42.
ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தேன்.
கோடு எங்கே போகிறதென்று அறியாத அது
தட்டின் விளிம்பைத் தொட்டுத் திரும்பி
என் விளக்கின் வட்டத்துக்குள் நுழைந்து
வெளிச்சம் என ஒன்று இல்லவே இல்லாதது போல
குறுக்கே கடந்து போனது.

டெல்வின் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள்.