பிக்கப்

ரூவியில் என் வண்டிக்கே அதுதான் பெயர்.
பின்னால் திறந்த தட்டு, நசுங்கிய கதவு,
மூன்றாம் எண்ணில் மட்டும் ஓடும் ஏசி.

விடிந்தால் ரோஸ்மேரி மேடம் அனுப்பும் செய்திகளில்
வினைச்சொல் ஒன்றே ஒன்று.
பிக்கப் சிமெண்ட், மிஸ்ஃபா.
பிக்கப் லாண்டரி, அல் குவைர்.
பிக்கப் இன்ஜினியர் சன், ஸ்கூல்.
மூட்டையைத் தூக்க வேண்டும், துணியை வாங்க வேண்டும்,
பையனைக் கூட்டிவர வேண்டும்.
எங்கள் பக்கம் பையனைத் தூக்கிவந்தேன் என்று சொன்னால்
கேஸ் ஆகிவிடும்.

வந்த புதிதில் சூப்பர்வைசர் கேட்டார்:
என்னப்பா, அரபி பிக்கப் பண்ணியாச்சா?
எந்த அரபி சார்,
என்னிடம் சொல்லவே இல்லையே என்றேன்.
ஆபீஸே சிரித்தது.
இப்போது கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன்.
யல்லா. ஹலாஸ்.
புக்ரா என்றால் நாளை. சம்பளம் புக்ரா.
கம்பெனி சீக்கிரம் பிக்கப் ஆகிவிடும் என்கிறார்கள்,
நாலு மாதமாக.

விசா முடிந்த சிக்கந்தரை வாதி கபீர் சந்தில் வைத்து
போலீஸ் பிக்கப் பண்ணியதாக ராத்திரி சொன்னார்கள்.
அதற்கு மட்டும் தமிழ் தேட வேண்டியிருக்கவில்லை.
தூக்கிட்டாங்க.
கட்டிலுக்கு அடியில் அவன் செருப்பு
அப்படியே கிடக்கிறது.

போன வெள்ளி அண்ணன் மூன்று தரம் கூப்பிட்டான்.
குரும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன்,
தட்டு நிறையக் கண்ணாடிப் பலகைகள்.
எடுக்கவில்லை.
எடுத்தால் பணம் கேட்பான் என்பதும்தான்.

இன்று மதினியின் தம்பி செல்லத்துரை பேசினான்.
நெஞ்சு வலி என்றான், வழியிலேயே என்றான்.
அழுகை வரும் என்று நினைத்தேன்,
ஊர் வழக்கப்படி கேள்விதான் வந்தது:
எப்ப எடுக்கிறீங்க?
நாலு மணிக்கு.

அங்கே நாலு என்றால் இங்கே ரெண்டரை.

போனை வைப்பதற்குள் மேடத்தின் செய்தி:
பிக்கப் நியூ ஸ்டாஃப், ஏர்போர்ட், டூ தர்ட்டி.

பெயர் எழுதிய அட்டையைப் பிடித்து நின்றேன்.
மணியாச்சிப் பக்கத்துப் பையன்,
கடை மடிப்புக் கலையாத சட்டை,
கயிறு சுற்றிய பெட்டி.
நான்தான் தூக்கினேன்.
வெயிலில் நாலு எட்டு நடந்திருப்பேன்.

கனமா இருக்கும்ணே,
ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்றான்.

பிடித்தான்.