செவலை, நிலை 71

வியாழன் இரவு பதினொன்றே முக்கால்.
மேல்வீட்டு ஓவர்லாக் மிஷின் ஓய்ந்தபின்
விளையாட்டுக்குள் நுழைகிறேன்.
குதிரையைக் காணோம்.

ஆறு வருஷம் வளர்த்த குதிரை.
காங்கேயத்துக்காரி புத்தி,
காளைக்கு வைக்கிற பேரை அதற்கு வைத்திருந்தேன்.
வாள் இல்லை, கேடயம் இல்லை.
எழுபத்தொன்றாம் நிலைப் போர்வீரன்
சந்தை நடுவே வெறும் டவுசரோடு நிற்கிறான்.
ஒரு பனியன்கூட இல்லை.
திருப்பூரில் இருந்துகொண்டு இந்தக் கதி.

சிரித்துவிட்டேன்.
அப்புறம்தான் வயிறு கலங்கியது.
இதே பெட்டிக்குள்
'அயனிங் செக்‌ஷன்' என்ற ஃபோல்டரில்
நாற்பத்து மூன்று பேரின் வங்கிக் கணக்கு எண்கள்
சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் காத்திருக்கின்றன.

நெட் வயரைப் பிடுங்கினேன்.
கையில் வயரோடு கொஞ்ச நேரம் நின்றேன்,
பிடித்த பாம்பை எங்கே விடுவது என்று தெரியாதவள்போல.

சாய ஆலையில் நைட் ஷிஃப்டில் இருந்தவருக்குப் போன் செய்தேன்.
"குதிரை போயிருச்சுங்."
"எந்தக் குதிரை?"
அவருக்குத் தெரியாது.
ஆறு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

போனிலிருந்தே முதலில் மெயிலை மாற்றினேன்.
பிறகு வங்கியை. பிறகு மின்கட்டணத்தை.
எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்:
எங்கள் கல்யாணத் தேதி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி.
பத்திரிகை அடித்து
ஊரெல்லாம் கொடுத்த தேதி.

புதியதில் நான்கு சொற்கள்,
ஒன்றுக்கொன்று சொந்தபந்தம் இருக்கக் கூடாதாம்.
எங்கள் பக்கம்
உறவுமுறை இல்லாத நாலு பேரை
ஒரே பந்தியில் உட்கார வைப்பது லேசா?
ஒரு மணி நேரம் யோசித்தேன்.
கடைசியில் கிடைத்தது. சொல்ல மாட்டேன்.

வழி விட்டது நானேதான்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
'ஐயாயிரம் ரத்தினம் இலவசம்' என்று வந்த கோப்பைத்
திறந்தது இந்த விரல்.
'பிறகு நினைவூட்டு' என்று
அப்டேட்டைப் பதினோரு தடவை தள்ளிவிட்டதும் இதே விரல்.
ஆட்கள் கடனைத் தள்ளும்போது
என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்.

வைரஸ் தேடும் வேலையை முடுக்கிவிட்டேன்.
பெட்டி சூடாகி இரைந்தது.
பக்கவாட்டு மூடியைக் கழற்றினால்
விசிறி முழுக்கப் பஞ்சு,
மேல்வீட்டில் தைத்த அத்தனை சட்டையின் தூசியும்.

ஒன்றரைக்குக் கோவில்பட்டி ஜெபராஜின் செய்தி:
"அண்ணே, ஒங்க பேர்ல ஒருத்தன்
எல்லார்ட்டயும் ரெண்டாயிரம் கேக்கான்.
'டேய் மச்சி அவசரம்'னு எழுதிருக்கான்.
யாரும் குடுக்கல.
வெட்ட வர்ற அரக்கனையே
'கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ம்பீங்க நீங்க.
ஒங்களுக்கு டேய் வருமா?"

அவனுக்கு நான் அண்ணன். அது கிடக்கட்டும்.
வாளையும் குதிரையையும் தூக்கிப் போனவன்
அந்த 'ங்க'வைப் பார்க்காமல் போயிருக்கிறான்.

அறுபத்து மூன்று சதவீதத்தில்
கரண்ட் போனது.
இருட்டில் உட்கார்ந்து
கணக்கு எண்களில் கடைசி நான்கை
நினைவில் ஓட்டிப் பார்த்தேன்.
அம்மணியம்மா 4417. ரேவதி, அயனிங், 0926.
பீகாரிலிருந்து வந்த சோட்டு,
அவனுடையது இரண்டு பூஜ்யத்தில் முடியும்.

விடியும்போது மறுபடி முதலிலிருந்து.
விளையாட்டுக் கம்பெனியின் படிவம் கேட்டது:
நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன சான்று?
குதிரை வாங்கிய தேதி எழுதினேன்.
பெயர் எழுதினேன்.
நிறம் கேட்கவில்லை.

ஆறரைக்கு அவர் வந்தார்.
நகக்கண்ணெல்லாம் நீலம்.
திட்டுவார் என்று எழுந்து நின்றேன்.
திரையில் ஊரும் பச்சைக் கோட்டை
டீ ஆறும்வரை பார்த்துவிட்டு
பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்தார்.

"செவலைன்னா எது?
இதா, இதா?"

இரண்டுமில்லை.
இரண்டுக்கும் நடுவே
விரலை வைத்தேன்.