பத்தொன்பதாம் அறை

ஏற்காட்டு லாட்ஜுக்கு நாற்பத்தெட்டு அறை.
அறை ஒரு பிளாக்.
அதற்குள் பாத்ரூம் ஒரு பிளாக்,
பாத்ரூமுக்குள் கதவு,
கதவுக்குள் கைப்பிடி.
கைப்பிடிக்குள் என்ன இருக்கிறதென்று
இந்த ஆபீசில் யாரும் திறந்து பார்த்ததில்லை.

மே மாதம். செவ்வாய்ப்பேட்டை.
கீழே கொலுசுப் பட்டறை.
பாலீஷ் மோட்டார் நிற்கும்போதுதான்
இத்தனை நேரம் அது ஓடியது தெரியும்.
ஓனர் துளசிராம் போனில் சொல்கிறார்:
"நம்ம பழைய லாட்ஜுக்கு ஒரு அம்மா வந்தாங்க, வீல்சேர்ல.
பாத்ரூம் வாசல்ல வண்டி நின்னுபோச்சு.
ஒரு வார்த்தை சொல்லலை,
சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.
புதுசுல எல்லாக் கதவையும் தொள்ளாயிரம் பண்ணிடுங்க."

எழுநூறு தொள்ளாயிரமாக வேண்டும்.
இடையில் இருநூறு மில்லிமீட்டர்,
மேசைமேல் கையை விரித்துப் பார்த்தேன்:
என் ஒரு சாண்.

முதலில் பாத்ரூமைத் திறந்து
ஒரு சாண் சுவரை வெட்டினேன்.
கதவுக் கம்பெனி அனுப்பிய கதவுக்கு
பழையதன் பெயரையே வைத்தேன்.
'இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது, மாற்றவா?'
என்று கேட்டது.
கேட்கிறவர்களுக்கு ஆமாம் சொல்லியே பழக்கம்.

கதவுகள் கிளம்பிவிட்டன.

சுவரைவிட்டு, தாழ்வாரத்தைவிட்டு,
பில்டிங்கையே விட்டு
மலைச்சரிவின் உயரக் கோடுகள்மேல் போய் நின்றன.
தண்ணீர்த் தொட்டிக்குள் மூன்று.
சில்வர் ஓக் வட்டங்களுக்கு நடுவே ஏழெட்டு.
திருப்பிப்போட்ட அறைகளின் கதவுகள்
எதிர்த்திசையில் பறந்து
கொண்டைஊசி வளைவில்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவைபோல் வரிசையாக.
நசீமா தட்டுவடை செட்டை வாயருகே பிடித்தபடி
"அக்கா, பனியில யாரோ கதவைத் தொறக்குறாங்க" என்றாள்.
சிரித்து முடிக்கவே
இரண்டு நிமிஷம் ஆயிற்று.

தப்பு பேஸ் பாயின்டில்.
பழைய கதவு
தன் கீலைப் பிடித்துக்கொண்டு நின்றது.
புதியது
தான் பிறந்த தாளின் மூலையை
இன்னும் விடவில்லை.
எடுத்துக் கீலில் பொருத்தினேன்.
ஒரே நொடியில் எல்லாம் வீடு திரும்பின,
எங்கேயும் போகாதவைபோல.

பெயர் மட்டும் இன்னும் 'கதவு-700'.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
ரேஷன் கார்டில் நான்
இன்னும் தருமபுரியில்தான் இருக்கிறேன்.
ஜீரோ லேயரில் வரைந்தது
வைத்த இடத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும் என்பார்கள்.
எடுத்துக்கொண்டேனா என்று
அம்மாபேட்டையைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் நாற்பத்தேழு.

பத்தொன்பதாம் அறை.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி
தூண் இடித்ததென்று
நான்தான் அதை எக்ஸ்ப்ளோட் செய்தேன்.
கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.
அங்கே இப்போது இரண்டு கோடு, ஒரு வில்.
தான் கதவென்று அதற்குத் தெரியாது.
அளவும் போடவில்லை.
போடாமலே பிரின்ட் மலையேறியிருக்கிறது.

சைட்டுக்குப் போன் போட்டேன்.
லூர்துசாமி எடுத்தார், பின்னால் மிக்ஸர் சத்தம்.
"பத்தொம்பதா? லிண்டல் போட்டு ஒம்பது நாளாச்சு மேடம்."
எவ்வளவு விட்டீங்க?
"பிரின்ட்ல அளவு இல்லை.
அந்த பாத்ரூம்லதான் மூட்டை அடுக்கியிருக்கோம்,
தள்ளுவண்டி உள்ள போகணும் பாருங்க.
வண்டியை வெச்சுப் பார்த்து
தொள்ளாயிரத்து அம்பது விட்டுட்டோம்.
உடைக்கணுமா மேடம்?"

மிக்ஸர் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேண்டாம்.

இரண்டு கோட்டையும் வில்லையும்
ஐம்பது கூடுதலாக இழுத்து,
கீலில் புள்ளி வைத்து,
மூன்றையும் சேர்த்து ஒரு பிளாக் ஆக்கினேன்.
பெயர் கேட்டது.
'தள்ளுவண்டி' என்று அடித்தேன்.
"ஓனர் பார்த்தா என்னக்கா சொல்வார்?"
ஓனர் பிளாக்குக்குள்ளே எல்லாம் போகமாட்டார், நசீமா.

சேவ் செய்யும்போது கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டது,
கீழே மோட்டார் நின்றது,
அப்போதுதான் கேட்டது.